பாட்டே இல்லாத படம் எடுத்த வீணை வித்துவான்

1954-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 13-ந் தேதி.

தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி ஒரு புதுப்படம் வெளியாயிற்று. படத்தின் பெயர், "அந்த நாள்". ஏவி.எம். தயாரித்த படம். சிவாஜி கணேசனும் பண்டரிபாயும் நடித்தது.

ரசிகர்கள் ஆவலோடு போய் உட்கார்ந்தார்கள்.

படம் தொடங்கியதுமே துப்பாக்கி வெடித்தது. கதாநாயகன் சுருண்டு விழுந்து செத்தான்.

சரி, இனிமேல் பாட்டு வரும் என்று எதிர்பார்த்தார்கள். வரவில்லை. நடனமாவது வரும் என்று பார்த்தார்கள். அதுவும் வரவில்லை. கடைசிவரை ஒரு பாட்டுக்கூட இல்லாமல் படம் முடிந்துவிட்டது!

ஒரு படத்தில் பத்துப் பாட்டாவது இருந்தால்தான் அது படம் என்று எண்ணிய காலம் அது. பாட்டே இல்லாமல் தமிழில் வந்த முதல் படம் "அந்த நாள்"தான்.

அந்தப் படத்தை டைரக்ட் செய்தவர் யார்? இசை தெரியாதவரா?

இல்லை. அவர் பெரிய வீணை வித்துவான். பின்னாளில் தமிழ்நாட்டு வீணையைத் தூக்கிக்கொண்டு அமெரிக்காவரை சென்று முழங்கியவர்.

அவர்தான் எஸ்.பாலசந்தர்.

(இதே பெயர் கொண்ட இன்னொரு டைரக்டர், "நீர்க்குமிழி" எடுத்த கே.பாலசந்தர். அவர் வேறு, இவர் வேறு. அதனால்தான் இவரை "வீணை" பாலசந்தர் என்று மக்கள் அழைத்தார்கள்.)

இசைக் குடும்பம்

பாலசந்தர் பிறந்தது 1927-ம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி. ஊர், சென்னை மயிலாப்பூர்.

தந்தை சுந்தரம் அய்யர். வக்கீல் தொழில் செய்தவர். வக்கீல் என்றாலும் சங்கீதத்தில் உயிர். பாட்டுக்காரர்கள் வந்து போகும் வீடு அது. தமிழில் எத்தனையோ கீர்த்தனைகள் இயற்றிய பாபநாசம் சிவன் அந்தக் குடும்பத்துக்கு நெருங்கியவர்.

மூத்த பிள்ளை ராஜம். பாபநாசம் சிவனிடம் பாட்டுக் கற்றவர். படம் வரைவதிலும் கெட்டிக்காரர். தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஆகிய மூவரின் படத்தைப் பல வீடுகளில் மாட்டி வைத்திருப்பார்கள். அந்த மூவருக்கும் முகம் கொடுத்த ஓவியர், இந்த ராஜம்தான்.

தங்கை ஜெயலட்சுமி. தியாகராஜ பாகவதருடன் "சிவகவி" படத்தில் நடித்தவர்.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பாலசந்தருக்கு ஐந்து, ஆறு வயதிலேயே கையில் ஒரு கஞ்சிரா கிடைத்தது. அதைத் தட்டத் தொடங்கிய விரல்கள் அப்புறம் சும்மா இருக்கவே இல்லை.

அண்ணன் ராமன், தங்கை சீதை

தமிழ்ப் பேசும்படம் அப்போதுதான் பிறந்திருந்தது. மராட்டிய நாட்டில் புகழ்பெற்றிருந்த பிரபாத் கம்பெனி, "சீதா கல்யாணம்" என்ற தமிழ்ப் படத்தை எடுத்தது. ஆண்டு 1934.

வக்கீல் சுந்தரம் அய்யர் குடும்பமே அதில் நடித்தது!

ராஜம், ராமர். ஜெயலட்சுமி, சீதை. தந்தை சுந்தரம் அய்யர், ஜனகர். சிறுவன் பாலசந்தருக்கு ராவணன் சபையில் கஞ்சிரா வாசிக்கும் வேடம். பாட்டுகளை அமைத்தவர் பாபநாசம் சிவன். சினிமாவுக்கு அவர் இசை அமைத்தது அதுவே முதல் தடவை.

அண்ணனும் தங்கையும் கணவன் மனைவியாக நடிப்பதா என்று பலர் முகம் சுளித்தார்கள். ஆனால், படம் ஓடியது.

ஏழு வயதில் பாலசந்தருக்கு இரண்டு கதவுகள் ஒரே சமயத்தில் திறந்தன. ஒன்று சினிமா. இன்னொன்று சங்கீதம். எந்தக் கதவு வழியாகப் போவது என்று அவர் முடிவு செய்ய முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஆசிரியர் இல்லாத மாணவன்

கஞ்சிராவோடு அவர் நிற்கவில்லை. தபேலா வாசித்தார். மிருதங்கம் வாசித்தார். ஆர்மோனியம் வாசித்தார். தில்ரூபா வாசித்தார். வடநாட்டு வாத்தியமான சிதாரை எடுத்து, அதில் நம் கர்நாடக ராகங்களை வாசித்துக் காட்டினார்.

இவற்றை எல்லாம் யாரிடம் கற்றார்?

யாரிடமும் கற்கவில்லை. பார்த்தார், கேட்டார், தானே வாசித்துப் பழகினார்.

பதினைந்து, பதினாறு வயதிலேயே சென்னை வானொலி நிலையத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. மற்றப் பையன்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் எழுதிக்கொண்டிருந்த வயதில், அவர் மைக் முன்னால் உட்கார்ந்து வாத்தியம் வாசித்தார்.

கடைசியாக அவர் எடுத்தது வீணை. எடுத்த பிறகு அதைக் கீழே வைக்கவில்லை.

நம் நாட்டு இசையில் குரு மிக முக்கியம். ஒருவர் மேடை ஏறினால், முதலில் கேட்கும் கேள்வியே, இவர் யாருடைய சிஷ்யர் என்பதுதான். குருவின் வீட்டில் தங்கி, பணிவிடை செய்து, பல ஆண்டு கற்பது வழக்கம்.

பாலசந்தர் அப்படிக் கற்கவில்லை. தனி அறையில், தானும் வீணையுமாக உட்கார்ந்து சாதகம் செய்தார். இரண்டே ஆண்டுகளில் முழுக் கச்சேரி செய்யும் அளவுக்குத் தேறிவிட்டார்.

கம்பியை இழுத்தார்

வீணையைப் பற்றிச் சிறிது தெரிந்துகொண்டால்தான் பாலசந்தர் செய்தது என்ன என்பது விளங்கும்.

வீணையைப் பலா மரத்தில் செய்வார்கள். தஞ்சாவூர் வீணைக்குப் பேர் அதிகம். அதன் தண்டின்மேல் மெழுகு பூசி, அந்த மெழுகின்மேல் உலோகத்தால் ஆன 24 மெட்டுகளைப் பதிப்பார்கள். கம்பிகள் மொத்தம் 7. அவற்றில் 4 கம்பிகள் பாட்டை வாசிக்க. மற்ற 3 கம்பிகள் தாளத்துக்கு.

ஒரு மெட்டில் விரலை வைத்துக் கம்பியை மீட்டினால் ஒரு சுரம் கேட்கும். அடுத்த சுரம் வேண்டுமானால் விரல் அடுத்த மெட்டுக்குப் போகவேண்டும். ஆனால், கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால், இருந்த இடத்திலேயே மேல் சுரமும் கிடைக்கும். மனிதக் குரல் வளைவது போல வீணையின் ஒலி வளையும்.

எல்லா வீணைக்காரர்களும் கம்பியை இழுப்பார்கள். பாலசந்தர் இழுத்தது போல இழுத்தவர் குறைவு. ஒரே மெட்டில் விரலை வைத்து, ஒரே மீட்டில், பல சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டு வருவார். வீணையை அவர் பாடவைத்தார்.

மேல்நாட்டில் கிதார் வாசிப்பவர்களும் இதே போலக் கம்பியை வளைத்து ஒலியை அழவைப்பார்கள், சிரிக்கவைப்பார்கள். அதைக் கேட்டுப் பழகிய வெளிநாட்டு ரசிகர்களுக்கு, பாலசந்தரின் வீணை பின்னாளில் சட்டென்று பிடித்துப் போனதில் வியப்பில்லை.

சினிமா அழைத்தது

வீணை கைக்கு வந்த அதே நாட்களில் சினிமாவும் அவரை அழைத்தது.

1948-ல் "இது நிஜமா" என்ற படத்தில் இரட்டை வேடத்தில் நடித்தார். இசையும் அவரே. அதே ஆண்டில் "என் கணவர்" படத்தை டைரக்ட் செய்தார். அப்போது அவருக்கு வயது 21. 1951-ல் "கைதி" படத்தை டைரக்ட் செய்து நடித்தார்.

1954-ல் வந்த ஏவி.எம்.மின் "பெண்" படத்தில் வைஜயந்திமாலா, ஜெமினி கணேசன் ஆகியோருடன் சேர்ந்து சிரிக்கவைத்தார். அந்தப் படத்தில் பாலசந்தர் வாய் அசைக்க, குரல் கொடுத்துப் பாடியவர் நகைச்சுவை நடிகர் சந்திரபாபு. சங்கீத வித்துவான் நடிக்க, நகைச்சுவை நடிகர் பாடினார்!

ரேடியோ வேண்டாம் என்றது

ஜப்பானியப் படமான "ராஷோமான்" அந்த நாளில் உலகம் முழுவதும் பேசப்பட்டது. அகிரா குரோசவா எடுத்த படம். நடந்தது ஒரே கொலை. அதைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். எது உண்மை?

அந்தப் படத்தைத் திரைப்பட விழா ஒன்றில் பாலசந்தர் பார்த்தார். பார்த்தது முதல் அவருக்கு அதே நினைவு. அதே பாணியில் ஒரு நாடகம் எழுதினார். வானொலிக்கு அனுப்பினார். வானொலி அதை ஏற்கவில்லை.

அவர் சோர்ந்துவிடவில்லை. ஏவி.மெய்யப்ப செட்டியாரிடம் கதையைச் சொன்னார். பாட்டு இல்லாத படம், சண்டை இல்லாத படம், கதாநாயகன் முதலிலேயே சாகும் படம். கேட்ட பட அதிபர் ஒப்புக்கொண்டார். திரைக்கதையை ஜாவர் சீதாராமன் எழுதினார். துப்பறியும் அதிகாரியாக நடித்தவரும் அவரே.

கதை நடப்பது இரண்டாம் உலகப்போரின்போது. 1943-ம் ஆண்டு அக்டோபர் மாதம் சென்னைமீது ஜப்பான் விமானம் குண்டு போட்டது அல்லவா? அதற்கு மறுநாள் காலையில் ஒரு ரேடியோ என்ஜினீயர் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறான். சுட்டது யார்? தம்பியா, மனைவியா, பக்கத்து வீட்டுக்காரரா? ஒவ்வொருவர் கண்ணோட்டத்திலும் கதை திரும்பத் திரும்ப நடக்கிறது.

படம் வெளிவந்தபோது, பாட்டு இல்லையே என்று ரசிகர்கள் ஏமாந்தார்கள். வசூல் இல்லை. பத்திரிகைகள் மட்டும் பாராட்டின. பிறகு மத்திய அரசின் நற்சான்றிதழ் கிடைத்தது. படம் மறுபடியும் திரையிடப்பட்டது. இன்று, தமிழில் வந்த சிறந்த படங்களைப் பட்டியல் போடுகிறவர்கள் "அந்த நாள்" படத்தை விடுவதில்லை.

வெடிகுண்டு பொம்மை

1962-ல் "அவனா இவன்". 1964-ல் "பொம்மை". ஒரு பொம்மைக்குள் வெடிகுண்டு. அது கை மாறிக் கை மாறி ஊரெல்லாம் சுற்றுகிறது. எப்போது வெடிக்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு மக்கள் பார்த்தார்கள்.

அந்தப் படத்தில் இன்னொரு புதுமையும் உண்டு. படம் முடிந்ததும் நடிகர்கள் மட்டும் அல்லாமல், திரைக்குப் பின்னால் உழைத்த தொழிலாளர்களையும் பாலசந்தர் திரையில் நிறுத்தி அறிமுகம் செய்துவைத்தார்.

அவர் கடைசியாக எடுத்த படம் "நடு இரவில்". ஒரு மாளிகையில் கூடியவர்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்படும் கதை. 1970-ல் வெளிவந்தது.

அதோடு சினிமாவுக்குக் கும்பிடு போட்டுவிட்டார்.

அப்போது அவருக்கு வயது 43. நடிக்கத் தெரியும். டைரக்ட் செய்யத் தெரியும். இசை அமைக்கத் தெரியும். சினிமாவில் பணம் உண்டு, புகழ் உண்டு. வீணையில் என்ன உண்டு? சபாக்களில் வாய்ப்பாட்டுக்குத்தான் முதல் இடம். வீணைக் கச்சேரிக்கு அத்தனை கூட்டம் சேராது. இது அவருக்குத் தெரியாதது அல்ல.

தெரிந்தேதான் வீணையின் பக்கம் வந்தார். அதன் பிறகு இருபது ஆண்டுகள் உயிரோடு இருந்தார். ஒரு படம்கூட எடுக்கவில்லை.

கடல் கடந்தது வீணை

1960-களில் மேல்நாடுகளில் இந்திய இசைக்குத் திடீர் மவுசு வந்தது. பண்டிட் ரவிசங்கரின் சிதாரைக் கேட்டு வெள்ளைக்காரர்கள் மயங்கினார்கள். பீட்டில்ஸ் குழுவின் கிதார்க்காரர் ஜார்ஜ் ஹாரிசன், ரவிசங்கரிடம் வந்து சிதார் கற்றார். இந்திய வாத்தியம் என்றாலே சிதார்தான் என்று அங்கே எண்ணினார்கள்.

தெற்கே இன்னொரு வாத்தியம் இருக்கிறது, அது சிதாரை விடக் கனமானது, அதற்கு வேறு குரல் உண்டு என்று அங்கே காட்டியவர்களில் முக்கியமானவர், பாலசந்தர்.

வீணையோடு அவர் அமெரிக்கா சென்றார். ரவிசங்கரின் இசைத்தட்டுகளை வெளியிட்டுவந்த, லாஸ் ஏஞ்செல்ஸ் நகரில் இருந்த "வேர்ல்டு பசிபிக்" கம்பெனி, பாலசந்தரின் வீணையையும் இசைத்தட்டாக வெளியிட்டது. உடன் மிருதங்கம் வாசித்தவர் உமையாள்புரம் சிவராமன்.

இசைத்தட்டு என்றால் சாதாரணம் அல்ல. மயிலாப்பூர் எங்கே இருக்கிறது என்று தெரியாதவன்கூட, தன் வீட்டில் உட்கார்ந்து தோடியையும் கல்யாணியையும் கேட்கலாம். கச்சேரி முடிந்து வித்துவான் விமானம் ஏறிப் போன பிறகும் அவருடைய வீணை அந்த ஊரில் ஒலித்துக்கொண்டே இருக்கும்.

வீணையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது எளிது அல்ல. மனிதன் கையை மடக்கி உட்கார்ந்துகொள்ளலாம். வீணை மடங்காது. ஓர் இடி பட்டால் குடம் விரிசல் விடும். சூடு அதிகமானால் மெழுகு இளகும். மெழுகு இளகினால் மெட்டு நகரும். மெட்டு மயிரிழை நகர்ந்தாலும் சுருதி கெட்டுப்போகும். கைக்குழந்தையைத் தூக்கிப் போவது போலத்தான் கொண்டு போகவேண்டும்.

சினிமாவில் கைக்குக் கிடைத்ததை விட்டவர், இந்தக் கஷ்டத்தை விடவில்லை.

குரு யார்?

வெளிநாட்டில் கைதட்டல். உள்நாட்டில்?

இங்கேயும் அவருக்கு ரசிகர்கள் ஏராளம். ஆனால், சங்கீத உலகத்தில் சண்டையும் ஏராளம். அவர் மனதில் பட்டதை மறைக்கத் தெரியாதவர். தவறு என்று தோன்றினால் எத்தனை பெரிய வித்துவானாக இருந்தாலும் எதிர்த்து எழுதுவார், பேசுவார்.

நான்கே சுரங்களில் புது ராகம் படைத்ததாகப் பாலமுரளி கிருஷ்ணா சொன்னபோது, அது ராகமே ஆகாது என்று பாலசந்தர் எதிர்த்தார். சங்கீத உலகமே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடியது.

திருவாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் பெயரில் பாடப்படும் கீர்த்தனைகள் உண்மையில் அவருடையவைதானா என்றும் ஐயம் கிளப்பினார். அறிஞர்கள் பலர் அதை ஏற்கவில்லை. மன்னர் குடும்பத்தார் வருத்தம் அடைந்தார்கள். பெரிய வித்துவான்களின் பகை வளர்ந்தது.

குருவிடம் அடங்கிக் கற்காதவர், அதனால்தான் யாருக்கும் அடங்கவில்லை என்று சிலர் குறை சொன்னார்கள். குரு இல்லாததால்தான் வீணையில் புதுவழி கண்டார் என்று சிலர் புகழ்ந்தார்கள். இரண்டு பேரும் ஒரே குணத்தைப் பற்றித்தான் பேசினார்கள்.

அந்தக் குணத்துக்கு அவர் விலை கொடுத்தார். 1982-ல் மத்திய அரசு அவருக்குப் "பத்மபூஷண்" பட்டம் கொடுத்தது. ஆனால், கர்நாடக சங்கீதத்தில் பெரிய விருதாகக் கருதப்படும் சென்னை மியூசிக் அகாடமியின் "சங்கீத கலாநிதி" பட்டம் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

72 ராகங்கள்

சண்டை போட்டதோடு அவர் நின்றிருந்தால், ஒரு சண்டைக்காரர் என்றே உலகம் சொல்லியிருக்கும்.

கர்நாடக இசையில் தாய் ராகங்கள் 72. இவற்றை மேளகர்த்தா ராகங்கள் என்பார்கள். எல்லா ராகங்களும் இந்த 72-ல் இருந்து பிறந்தவை. இவற்றில் கச்சேரிகளில் அடிக்கடி கேட்பவை சிலதான். மற்றவற்றின் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது.

அந்த 72 ராகங்களையும் விடாமல் வீணையில் வாசித்து, இசைத்தட்டுகளாக வெளியிட்டார் பாலசந்தர். ராகம் என்றால் என்ன என்று வாதாடியவர், வாசித்தும் காட்டினார். கற்க வருகிறவனுக்கு அது ஒரு பாடப்புத்தகம். குரு இல்லாமல் கற்றவர், முகம் தெரியாத மாணவர்களுக்குக் குரு ஆனார்.

பிலாய் பயணம்

1990-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். பாலசந்தருக்கு வயது 63.

கச்சேரிக்காகப் பிலாய் நகருக்குச் சென்றிருந்தார். அது அப்போது மத்தியப் பிரதேசத்தில் இருந்தது. இப்போது சத்தீஸ்கர் மாநிலத்தில் இருக்கிறது.

வடலூருக்குப் பக்கத்தில் பழுப்பு நிலக்கரிக்காக நெய்வேலி நகரம் உண்டானது போல, இரும்புக்காக உண்டான நகரம் பிலாய். இரண்டு இடங்களிலும் ரஷியா உதவி செய்தது. இரண்டு இடங்களிலும் தொழிற்சாலையைச் சுற்றி வரிசை வரிசையாக வீடுகள். வேலைக்காகப் பல ஊர்களில் இருந்து வந்த குடும்பங்கள். பிலாயில் தென்னாட்டுக் குடும்பங்களும் உண்டு. சொந்த ஊரை விட்டு வந்தவர்களுக்கு, வீணை ஒலி கேட்டால் ஊர் நினைவு வரும்.

அமெரிக்காவில் வாசித்தவர், ஆலைத் தொழிலாளர்கள் வாழும் ஊருக்கும் வீணையைத் தூக்கிக்கொண்டு சென்றார்.

அதுவே அவருடைய கடைசிப் பயணம் ஆகிவிட்டது. அந்த ஊரிலேயே அவர் காலமானார்.

அன்று தேதி, ஏப்ரல் 13. பாட்டு இல்லாத அந்தப் படம் வெளியாகி, அன்றோடு சரியாக 36 ஆண்டுகள்.

"அந்த நாள்" படத்தை இன்றும் தொலைக்காட்சியில் போட்டால், வீட்டில் உள்ளவர்கள் கூடி உட்கார்ந்து பார்க்கிறார்கள். சுட்டது யார் என்று தெரிந்தவர்களும் எழுந்து போவதில்லை. அவருடைய வீணையையும் இப்போது கேட்கமுடிகிறது. பழைய இசைத்தட்டுகளில் இருந்து எடுத்துப் புது வடிவத்தில் வைத்திருக்கிறார்கள்.

படத்தைப் பார்க்கிற குடும்பங்கள், ஒரு நாள் அந்த வீணையையும் அரைமணி நேரம் கேட்கலாம். சினிமாவை விட்டுவிட்டு அவர் எதற்காகப் போனார் என்பது அப்போது விளங்கும்.